தட்டுக்கு அடியில் கீபோர்டு

எங்கள் வீட்டில் மேசை ஒன்று, மானிட்டர் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு. ஆபீஸ் லேப்டாப் என்னுடையது. மேசைக்கு அடியில் கலர் கலராக மினுக்கும் பெரிய பெட்டி என் கணவருடையது. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை இறங்கி வருகிற மனிதர், ஞாயிறு முழுக்க அதில் யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி. திரையை மாற்ற ஒரு பொத்தான், கீபோர்டையும் மவுசையும் மாற்ற இன்னொரு பொத்தான். ஒன்றை அமுக்கி மற்றதை மறந்தால், கண் ஒரு கம்ப்யூட்டரிலும் கை இன்னொன்றிலும் இருக்கும். அந்த ஸ்விட்ச் பெட்டியைத் தொடவே எனக்குப் பயம்.

மாமனாருக்கு அந்தப் பயமே கிடையாது. ஏலக்காய் வியாபாரி. மழைக்கால இருட்டில் காயின் பச்சை பிடிபடவில்லை என்று மானிட்டர் வெளிச்சத்தில் பார்க்கப் பழகியிருந்தார். அவருக்காகவே கணவரின் கம்ப்யூட்டரில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று எப்போதும் திறந்திருக்கும். திரைப் பொத்தானை மட்டும் அமுக்குவார், சாம்பிள் தட்டைத் திரைக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார், போய்விடுவார்.

அன்று ஆபீசிலிருந்து எனக்கு வந்தது, பழைய வாடிக்கையாளர் விவரங்களை அழிக்கும் வேலை. அழிக்கலாமா என்று லேப்டாப் கேட்டது. ஆம் என்று அடித்துவிட்டேன், என்டர் தட்டுவதுதான் பாக்கி. அப்போதுதான் இப்போதைய வாடிக்கையாளர்களும் அதில் சேர்ந்திருப்பதுபோல் பட்டது. சரிபார்ப்பதற்குள் வாசலில் ஜீப்பு ஹாரன். மலையிலிருந்து கணவர் ஏதோ மூட்டை கொடுத்துவிட்டிருந்தார். வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. மாமா இரண்டு சாம்பிளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டு கையில், இன்னொன்று கீபோர்டின் மேல்.

ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தேன். கீபோர்டின் விளக்கு இன்னும் லேப்டாப் பக்கமே எரிந்துகொண்டிருந்தது. தட்டு அசைந்து என்டரில் பட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

"மாமா, தட்ட எடுக்காதீங்க."

"என்னத்தா?"

"அசைக்காதீங்க மாமா."

அப்படியே நின்றார். மேசைக்கு அடியில் புகுந்து கீபோர்டு வயரைப் பிடுங்கினேன். எழுந்த பிறகும் திரைப் பொத்தானை அமுக்கக் கை வரவில்லை. அந்த வெள்ளைக்குப் பின்னால் எல்லாம் நடந்து முடிந்திருக்கலாம். போடியில் இருந்தபடியே பார்க்க எனக்கு வாய்த்த வேலை இது ஒன்றுதான்.

"ஏதும் கெட்டுப்போச்சா?" என்றார் மாமா.

"அழிஞ்சிருந்தா வேல போயிரும் மாமா."

அமுக்கினேன். நான் அடித்த ‘ஆம்’ அங்கேயே நின்றது. அதை ஒட்டி ஒரே எழுத்து வரிவரியாக ஓடியிருந்தது. தட்டு என்டரைத் தொடவில்லை.

உட்கார்ந்து அழுதேன். மாமா தட்டை அவசரமாக எடுத்ததில் நாலைந்து காய் கீழே உருண்டன. ஒரு காயைக்கூடத் தரையில் விட்டுப்போகாத மனிதர், அவற்றைப் பொறுக்காமலே வெளியே போனார்.

அந்தச் சனிக்கிழமை கணவர் வேறு ஸ்விட்ச் பெட்டி வாங்கிவந்தார். ஒரே பொத்தான், எல்லாம் சேர்ந்தே மாறும். மாமாவிடம் காட்டினேன், தலையாட்டினார். ஆனால் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து நானே கூப்பிட்டாலும் இப்போது அறைக்குள் வருவதில்லை. வெளியே மழை கொட்டும். அவர் கதவுக்கு அந்தப் பக்கம், தட்டுகளை நெஞ்சோடு பிடித்தபடி நிற்பார்.

"நீ சோலியப் பாரு ஆத்தா. நான் வெயில் வந்ததும் பாத்துக்கிறேன்."