நாலாம் நம்பர் மிஷினும் பென்குயின் மிஷினும்

போன வாரம் மகளுக்கு லேப்டாப் வாங்கப் போயிருந்தோம். கள்ளக்குறிச்சியிலேயே இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடைகள் வந்துவிட்டன. கடைக்காரர் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். ஒன்று விலை கம்மி, ஒன்றில் கேம் நன்றாக ஓடும், மூன்றாவதில் வைரஸ் கிட்டவே வராது. மகள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எதுப்பா பத்திரம்?"

அந்த நேரம் பார்த்து கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார், புதுப் பிளாஸ்டிக் வாடை வந்தது. கல்லாவுக்கு மேலே சாமி படத்தில் காலையில் வைத்த சந்தனம் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. சூடான பிளாஸ்டிக்கும் சந்தனமும் சேர்ந்த வாசனையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? நான் முகர்ந்திருக்கிறேன், அதிலேயே சில வருஷம் இருந்திருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்த பிரவுசிங் சென்டரில் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் சென்டர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கீழே உரக்கடை. இரண்டுக்கும் முதலாளி சிங்காரம் அண்ணன். உரக்கடைக்காரர் பிரவுசிங் சென்டர் வைத்தது ஏன் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. மாடி காலியாக இருந்தது, ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்று பேசிக்கொண்டார்கள், வைத்துவிட்டார். நான் ஆறு மாத டிப்ளமோ முடித்தவன். ஊரில் பாதிப் பேர் என்னை இன்ஜினியர் என்று நினைத்திருந்தார்கள், நானும் மறுத்ததில்லை. வீடு தியாகதுருகம் பக்கம் என்றாலும் சென்டரின் பின்னறையிலேயே தங்கிக்கொண்டேன். மேற்கு ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். மழை நாட்களில் அது இருக்கிற இடத்தில் ஒன்றுமே இருக்காது, வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நான் வேலை நேரத்தில் எத்தனையோ கனவு கண்டிருக்கிறேன். அதற்கும் சம்பளம் கொடுத்தார், நல்ல மனுஷர்.

டெல்லியில் இடஒதுக்கீட்டை எதிர்த்து டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலம் அது. எங்கள் பக்கம் அதை ஆதரித்து ஊர்வலம், மறியல், கடையடைப்பு. கீழே கோஷம் போகும்போது மாடியில் கீபோர்டு தட்டுகிற சத்தம் சற்று நின்று, பிறகு தொடரும். டீக்கடையில் வடை சுடுகிறவர்கூட கிரீமி லேயர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சென்டரில் எங்களுக்கு வேறொரு வழக்கு. ஆறு மிஷினுக்கும் விண்டோஸா, லினக்ஸா? விழுப்புரத்தில் கள்ள சிடி போட்ட கடைகளில் சோதனை நடக்கிறது என்று யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். நிஜ சிடி வாங்கினால் விலை உரமூட்டைக் கணக்குக்கு அடங்காது. அப்போதுதான் சின்னசேலத்து நண்பன் ஒருவன் பென்குயின் படம் போட்ட லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்து கொடுத்தான். இலவசம், வைரஸ் தொல்லையும் அநேகமாகக் கிடையாது.

"ஓசியில கிடைக்குது, சீக்கும் வராதுன்ற. அப்புறம் இன்னாத்துக்கு தம்பி யோசன?" என்றார் அண்ணன்.

"கேம் ஓடாதுண்ணா. பசங்க வர மாட்டாங்க."

பசங்களைப் பற்றி எனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கேம் பைத்தியம் நான்தான். கார் ரேஸ் ஆடுவதற்காகவே நாலாம் நம்பர் மிஷினில் அண்ணனைப் பேசிப் பேசி ஒரு கேம் கார்டு போட வைத்திருந்தேன். கடைசியில் பஞ்சாயத்து இப்படி முடிந்தது: ஐந்தில் விண்டோஸ், ஒன்றில் மட்டும் பென்குயின். சோதனைக்கு யாராவது வந்தால் வாசலிலேயே பார்க்கட்டும் என்று பென்குயின் மிஷினை வாசலோரம் வைத்தோம். அதில் இருந்த ஒரே உருப்படியான கேமில் ஒரு பென்குயின் பனியில் வழுக்கிக்கொண்டே போகும். பசங்கள் இரண்டு நிமிஷம் ஆடிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். வெயில் காலத்தில் அந்தப் பனியைப் பார்க்க எனக்கு மட்டும் பிடிக்கும்.

அலமேலு வந்தது ஆடி மாதத்தில். கரியாலூர்ப் பெண், என் வயதுதான் இருக்கும். முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள். தலையில் மலைக் குளிர் இன்னும் விடாத மாதிரி முக்காடு. நர்ஸ் படிப்பில் சேர வேண்டும், அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மலையில் இருக்கிறவர்களுக்கு ஒதுக்கிய இடம் இருக்கிறது. ஆனால் மலையில் இருக்கிறவள்தான் என்று நிரூபிக்கிற காகிதம் அவளிடம் இல்லை. ஆபீஸில் வம்சாவளிப் பட்டியல் கேட்டிருந்தார்கள். பாட்டன் யார், பாட்டனுக்குப் பாட்டன் யார், எந்த ஊரில் நிலம், யார் யாரை எங்கே கட்டினார்கள் என்று எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

"கீழ ஊர்வலம் போவுது, எடம் வேணும்னு. எங்களுக்கு எடம் இருக்குதுங்க, காயிதந்தான் இல்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, மழை வருகிறது என்பது போலச் சொன்னாள்.

கையில் ஒரு ஃபிளாப்பி வைத்திருந்தாள். மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் மூன்று பக்கத்தை அடித்துக் கொடுத்திருந்தார். வாசலில் நின்றே ஆறு மிஷினையும் பார்த்தாள்.

"எதுல அடிச்சா பத்திரமா இருக்கும்ண்ணா?"

அண்ணா என்று கூப்பிட்டாள். என் கனவுகள் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பென்குயின் மிஷின் வாசலோரம், நாலாம் நம்பர் என் மேசைக்குப் பக்கம். பதில் எனக்கு நன்றாகத் தெரியும், ஊருக்கெல்லாம் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனாலும், "ரெண்டும் ஒண்ணுதாங்க, இப்டி ஒக்காருங்க" என்று நாலாம் நம்பர் நாற்காலியைத் தட்டிக் கொடுத்தேன்.

வாரத்துக்கு ஒருமுறை வருவாள். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒற்றை விரலால் அடிப்பாள். ஒவ்வொரு பெயரை அடித்ததும் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். சடையன், வெள்ளையன், சடையன் மகன் காரியான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ வேலை செய்கிற மாதிரி இருப்பேன். அந்தப் பெயர்கள் காதில் விழ விழ, ஜன்னலில் தெரிகிற மலையில் ஆட்கள் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. ஒருநாள் அவளுடைய சித்தப்பாவும் வந்திருந்தார். பழைய பட்டா இருந்த கிளையின் விவரம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல, நோட்டில் எழுதாமல் அவள் நேராக அடித்துக்கொண்டாள். மறுவாரமே அவர் குடகு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று அவள் பட்டியலை ஒரு சிடியிலும் ஏற்றி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பொறுப்பான காரியங்களில் அது ஒன்று.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. அண்ணன் பூஜையில் குறை வைக்காத மனுஷர். உரக்கடைத் தராசுக்குச் செய்கிற அத்தனையும் கம்ப்யூட்டருக்கும் உண்டு. மானிட்டர் நெற்றியில் சந்தனம் குங்குமம், மவுஸுக்கு ஒன்று, கீபோர்டில் நீளமான பட்டனுக்கு ஒன்று. நான் பொரிகடலை வாங்கப் போயிருந்த நேரத்தில் சிடிகளையும் வாழையிலையில் பரப்பிப் பொட்டு வைத்துவிட்டார். எழுதியிருக்கிற பக்கத்தில் அல்ல, பளபளக்கிற பக்கத்தில். பிறகு கேட்டபோது, "மூஞ்சி தெரியிற பக்கந்தானடா மொகம்?" என்றார். அவள் சிடியும் அந்த இலையில்தான் இருந்தது. சந்தனம் காய்ந்து, துடைத்த இடமெல்லாம் கீறல் விழுந்து, அதற்குமேல் எந்த மிஷினும் அதைப் படிக்கவில்லை.

பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. தராசில் ஒரு கிலோ எடை போடக் கூடாது, கம்ப்யூட்டரில் சுவிட்சைத் தட்டக் கூடாது. அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கச்சிராயபாளையத்தில் இருக்கிற மாமனார் வீட்டுக்குப் போனார். மத்தியானம் தூறல் போட்டது. தெருவில் ஒரு சத்தம் இல்லை, நசுங்கிய பூசணிக்காய் மட்டும் நனைந்துகொண்டிருந்தது. என் பையில் நண்பன் கொடுத்த புது ரேஸ் சிடி இருந்தது.

போட்டேன்.

மானிட்டரில் அண்ணன் வைத்த பொட்டைத் துடைக்கப் பயம். அதை அப்படியே விட்டுவிட்டு ஆடினேன். எங்கேயோ ஒரு தேசத்துப் பனிமலைச் சாலையில் கார் போகிறது, எதிரே வானத்தில் சந்தனமும் குங்குமமும் சூரியன் மாதிரி கூடவே வருகின்றன. ஜன்னலில் எங்கள் மலை வெள்ளையாக, திரையில் அந்த மலை வெள்ளையாக. அதைப் போல ஒரு மத்தியானம் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மறுநாள் காலை நாலாம் நம்பர் எழவில்லை. எப்படியோ எழுப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு ஃபைலும் இல்லை, வைரஸ் எல்லாவற்றையும் தின்றிருந்தது. முதல் பஸ்ஸில் அலமேலு வந்து நின்றாள். ஆபீஸில் விசாரணைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. பட்டியலை அச்செடுத்துப் போகத்தான் வந்திருந்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நேத்து எவனாச்சும் மிஷினத் தொட்டீங்களா?"

பூஜையன்று தொட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேலை போகும் என்ற பயத்தைவிட அந்த மனுஷர் முகம் எப்படி ஆகும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அலமேலு கையில் அந்த ஃபிளாப்பி இருந்தது.

"இல்லண்ணா. இவங்க மலையிலருந்து ஃபிளாப்பி கொண்டாந்து போட்டாங்க இல்ல, அதுல வந்திருக்கும்."

அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டாள். "தெரியாமப் போட்டுட்டேங்க. உங்க மிஷினக் கெடுத்துட்டேனே. மன்னிச்சுக்கங்க."

தன் பட்டியல் போய்விட்டதே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் பதறிப்போய், "அட வுடும்மா, மிஷினுதான, இன்னொண்ணு வாங்கிக்கலாம். நீ போயி நோட்ட எடுத்துக்கினு வா" என்றார். என்னிடம், "இனிமே அந்தப் பொண்ணு பென்குயின்லயே அடிக்கட்டும், அதுல ஒண்ணும் ஒட்டாது" என்றார். முதல் நாளே உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் அவளைக் குற்றவாளியாக உட்கார வைத்தோம்.

ஃபிளாப்பியை மேசையிலேயே மறந்துவிட்டு அன்றே மலையேறி, மறுநாள் நோட்டோடு இறங்கி, வாசலோரத்தில் உட்கார்ந்து அத்தனையும் திரும்ப அடித்தாள். போகும்போது ஃபிளாப்பியையும் எடுத்துப் போனாள். சித்தப்பா சொன்ன கிளை மட்டும் நோட்டில் இல்லை. விசாரணையில் அதைத்தான் கேட்டார்கள். அவர் குடகிலிருந்து திரும்பி வந்து சொல்லட்டும் என்று தேதி தள்ளிப்போனது. அவர் மாசியில்தான் வந்தார். சான்றிதழ் கைக்கு வந்தபோது அந்த வருஷச் சேர்க்கை முடிந்திருந்தது. அடுத்த வருஷம்தான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அவளுடைய ஒரு வருஷத்தை நான் ஒரு மத்தியானத்தில் ஆடித் தீர்த்தேன். சேர்ந்ததும் அண்ணனுக்கு ஒரு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். "இத இனிமே யாரும் எங்கயும் போட வேணாங்க" என்று ஃபிளாப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள், தூக்கிப் போடச் சொல்லி.

பிறகு எல்லோர் கைக்கும் போன் வந்தது. சென்டரில் பசங்கள் குறைந்தார்கள், மிஷின்களை எடைக்குப் போட்டோம். சிங்காரம் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசிவரை அவரிடமும் சொல்லவில்லை. அந்த மாடியில் இப்போது அழகு நிலையம். மேற்கு ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு குடும்பத்தோடு கரியாலூர் அருவிக்குப் போனபோது மகள் காலில் கல் கிழித்துவிட்டது. கட்டுப்போடப் போன இடத்தில் நர்ஸ் அலமேலுதான். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கட்டுப் போட்டுக்கொண்டே மகளிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "உங்கப்பா கடை மிஷின நாந்தாம்மா கெடுத்தேன். சீக்கு ஃபிளாப்பியப் போட்டு. அந்த மொதலாளி ஒரு வார்த்த திட்டல." மகள் சிரித்தாள், மனைவி சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன வாரம் கடையில் மகள் கடைசியில் வைரஸ் வராத மிஷினைத்தான் எடுத்தாள். "அந்த நர்ஸ் ஆன்ட்டி மாதிரி நான் எதையாவது சொருகிக் கெடுக்க மாட்டேன்ப்பா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து ஃபிளாப்பியை எடுத்தேன். புது லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதை நுழைக்க எங்கேயும் வாய் இல்லை. ஊரில் விசாரித்தேன், அதைப் படிக்கிற மிஷின் எந்தக் கடையிலும் இல்லை. சடையன், வெள்ளையன், சடையன் மகன் காரியான் என்று வாத்தியார் அடித்த மூன்று பக்கம் அதற்குள் சுத்தமாக இருக்கிறது. வைரஸ் கிடையாது. அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மலையேறிய அன்றைக்கே, பென்குயின் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டேன்.