ஜெறோம் அண்ணையின் பாட்டை ஆரணி பாடிய நாள்

போன மாதம் எங்கள் வீட்டு மாடிப்படிக்குப் புதுக் கார்ப்பெட் போட்டார்கள். போட வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். தேநீர் குடித்துவிட்டு, வெட்டிய துண்டுகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வாசனை மட்டும் நின்றுவிட்டது. புதுக் கார்ப்பெட்டின் வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பசையும் இறப்பரும், மழையில் நனைந்த ஆட்டின் மணம் கொஞ்சமும் கலந்த ஒன்று. மனைவி வீட்டின் யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். நான் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் அதில இருக்கிறியள்? கையை ஏன் இப்பிடி ஆட்டுறியள்?" என்று கேட்டாள்.

அவள் சொல்லித்தான் பார்த்தேன். என் இடது கைவிரல்கள் காற்சட்டையின்மேல் பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தன.

எங்கள் இசைக்குழு ஒரு கார்ப்பெட் கடையின் பின்னறையில்தான் வளர்ந்தது. ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் இருந்த கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும். அங்கே கார்ப்பெட் பொருத்தும் வேலை செய்த ஜெறோம் அண்ணையிடம் திறப்பு இருந்தது. சுவரோரம் முழுக்கக் கார்ப்பெட் சுருள்கள் ஆளுயரத்துக்கு நிற்கும். கீதன் எவ்வளவு பலமாக டிரம்ஸ் அடித்தாலும் அந்தச் சுருள்கள் விழுங்கிவிடும். பிறகு எத்தனையோ நல்ல ஸ்டூடியோக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையின் சத்தம் வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. எங்கள் வாசிப்பை அரைவாசி மறைத்துவிடும் அறை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குழுவின் பெயர் 'கறுப்புக்குடை'. முதல் நாள் ஒத்திகைக்கு நால்வரும் ஒரே மாதிரியான மலிவான கறுப்புக் குடையோடு வந்து நின்றோம். போகும்போது யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. பெயர் அப்படி வந்தது. ஆழமான அர்த்தம் இருப்பதாகப் பிறகு வானொலிப் பேட்டியில் வசந்தன் சொன்னதெல்லாம் பொய்.

வசந்தன் லீட் கிற்றார். கீதன் டிரம்ஸ். எனக்கு பேஸ் கிற்றாரைத் தந்தார்கள். அதில் நாலு நரம்புதான் இருக்கிறது, இவனால் பெரிய சேதம் வராது என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்தவர்கள். எங்களைவிடச் சில வயது மூத்த ஜெறோம் அண்ணை மன்னார்க்காரர். சின்ன வயதில் மாதா கோயிலில் பூசைப் பாட்டுப் பாடி வளர்ந்த குரல். நாங்கள் ராக் என்று நம்பி எதையோ உடைத்துக்கொண்டிருக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நீளமாக இழுத்து, அதன்மேல் ஏறி நின்று பாடுவார். வீடு வீடாக முழங்காலில் நின்று கார்ப்பெட் பொருத்தியதில் முழங்கால்கள் வீங்கியிருக்கும். தூசு நெஞ்சுக்குள் போய் ஒரு இருமல் எப்போதும் இருக்கும். பாடும்போது மட்டும் அந்த இருமல் வராது.

ஒரே ஒரு கசெட் வெளியிட்டோம். தமிழ்க் கடைகளில் மிளகாய்த்தூள் பைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கியவர்களின் காரெல்லாம் கறி மணத்தது. கீதனின் அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாடுற பிள்ளை நல்லாப் பாடுது. பின்னால நிண்டு வீடு இடிக்கிறது ஆர்?" என்று கேட்டார்.

இரண்டாவது கசெட்டுக்குப் பாட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், கோலியர்ஸ் வுட் பக்கம் ஜெறோம் அண்ணை கார்ப்பெட் ஏற்றும் வானை ஓரமாக நிறுத்தினார். அபாய விளக்குகளைப் போட்டார். கைப்பிரேக்கை இழுத்தார். அதோடு சரி. பின்னால் வந்தவர்கள், யாரோ கடைக்கு இறங்கியிருக்கிறார் என்று நினைத்து விலத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். விளக்கு வெகுநேரம் மின்னிக்கொண்டிருந்ததாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு கொஞ்சக்காலம், தெருவோரம் அப்படி விளக்கு மின்னும் எந்த வானைக் கண்டாலும் நான் உள்ளே எட்டிப் பார்ப்பேன். சிலர் என்னிடம் கோபப்பட்டும் இருக்கிறார்கள்.

கறுப்புக்குடை அன்றோடு மடிந்தது. நான் தபால் பிரிக்கும் வேலைக்குப் போனேன். வசந்தன் கண் பரிசோதிக்கும் கடை திறந்தான். கிற்றாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். கீதன் குட்மேய்ஸுக்குக் குடிபோய்க் கணக்காளரானான். கலியாண வீடுகளில் சந்திப்போம். வட்டிலப்பத்தைப் பற்றிக் கதைப்போம். ஜெறோம் அண்ணையைப் பற்றிக் கதைக்க மாட்டோம்.

இருபது வருடத்துக்கு மேல் இப்படிப் போனபிறகு, கீதன் வீட்டுக் கூரைக்குக் கீழே தண்ணீர் ஒழுகியது. அங்கே இருந்த பெட்டிகளை இறக்கினான். ஒன்றில் ஒரு மினிடிஸ்க் கிடந்தது. கசெட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் இடைப்பட்ட காலத்தில் கொஞ்ச நாள் வாழ்ந்து செத்த சாமான் அது. ஜெறோம் அண்ணை ஆசைப்பட்டு அதன் கருவியை வாங்கி, ஒத்திகைகளைப் பதிந்துகொண்டு திரிந்தது அப்போதுதான் நினைவு வந்தது. கீதன் கருவி தேடிப் பிடித்து ஓட விட்டான். இரண்டாவது கசெட்டுக்காக அவர் எழுதிய 'ஈரச் சப்பாத்து' அதில் முழுப் பாட்டாக இருந்தது.

*ஈரச் சப்பாத்து காயவில்லை இன்னும்
இரவல் ஊரில் விடிகிறது.*

கீதன் அதை எங்கள் இருவருக்கும் அனுப்பினான். அடுத்த நாளே வசந்தன் எனக்கு அழைத்தான். "மச்சான், கிற்றாரை வெளியில எடுத்திட்டன். உந்தப் பாட்டை நாங்கள் செய்ய வேணும்" என்றான். நான் மறுத்திருந்தால் என்னை விட்டுவிட்டு வேறு பேஸ்காரனைப் பிடித்திருப்பான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜெறோம் அண்ணையின் மனைவி பிலோ அக்கா கோலியர்ஸ் வுட்டில் அதே வீட்டில்தான் இருக்கிறார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து மகன்கள் இருவரையும் வளர்த்து அனுப்பிவிட்டார். அனுமதி கேட்க வசந்தனும் நானும் போனோம். மினிடிஸ்க்கைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி எங்களுக்கு விளங்கவில்லை.

"பாட்டு மட்டுமோ தம்பி? அவர் கதைக்கிறதும் இருக்கோ?"

"பாட்டுத்தான் அக்கா" என்றான் வசந்தன்.

அக்கா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். "செய்யுங்கோ. ஆனா ரெக்கோட் பண்ணேக்க நானும் வருவன்."

புதுப் பாடகியை எடைபோட வருகிறார் என்று நாங்கள் பயந்தோம். பாடகியை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தோம். ஆரணி. கீதனின் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒரு கலியாண வரவேற்பில் பாடியதைக் கீதன் கேட்டிருந்தான். பெண்களுக்கு அதிகம் வாய்க்காத தாழ்ந்த குரல். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் படிப்பாள், ஆனால் ழகரம் தவறாது. சின்ன வயதில் அவளுடைய அப்பாவின் காரில் எங்கள் கசெட் மட்டும்தான் ஓடியதாம். அது உள்ளே சிக்கி வெளியே வராது போயிற்றாம். "சோ ஐ நோ எவ்ரி ப்ரெத் அங்கிள்" என்றாள். ஜெறோம் அண்ணையின் மூச்செல்லாம் தனக்குத் தெரியும் என்றதை அப்போது பகிடியாக எடுத்துக்கொண்டோம்.

ஸ்டூடியோ ஒரு ரயில்பாதையின் வளைவுக்குக் கீழே இருந்தது. ஒலிப்பதிவாளர் போலந்துக்காரர். அதிகம் பேசாத மனிதர். எங்கள் வாத்தியங்களை முந்திய வாரமே பதிந்து முடித்திருந்தோம். அன்று மத்தியானம் ஆரணியின் முறை. வசந்தன் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். ஜெறோம் அண்ணையின் பழைய குரலை அவள் காதுக்குள் ஓட விடுவது, அதைப் பிடித்துக்கொண்டு அவள் பாடுவது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். இந்தப் பக்கம் நாங்கள் மூவரும். மூலையில் பிலோ அக்கா, கழற்றாத கோட்டோடு, மடியில் கைப்பையோடு.

அவள் மூச்சை இழுத்தாள். அது ஜெறோம் அண்ணையின் மூச்சு. 'இரவல்' என்ற சொல்லுக்கு முன்னால் அவர் ஒரு சின்னத் தடக்கல் வைப்பார். அவளும் வைத்தாள். மன்னார் வாய்க்கு மட்டும் வரும் ஒரு இழுவை குட்மேய்ஸ் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. ஒரு பெண்ணின் உடம்புக்குள்ளே யாரோ நின்று பாடுவதுபோல் இருந்தது. கீதன் நிலத்தைப் பார்த்தான். வசந்தன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

"இதுதான். இதுதான் வேணும்" என்றான்.

ஆரணி ஹெட்போனைக் கழற்றினாள்.

"அங்கிள், எனக்கு என்ர வொய்ஸ் கேக்கேல்லை. நான் இல்லாத மாதிரி இருக்கு. இப்பிடிப் பாட ஏலாது."

"இன்னொருக்காப் பாடுங்கோ பிள்ளை. ஒரே ஒருக்கா."

"ஹீ இஸ் டூ க்ளோஸ், அங்கிள்."

வசந்தன் விடவில்லை. இதைக் குழப்பினால் ஜெறோமை இன்னொரு தரம் புதைக்கிற மாதிரி என்றான். சொன்னபிறகுதான் அக்கா இருப்பது ஞாபகம் வந்து வாயை மூடினான். அந்த இடைவெளியில் போலந்துக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, பழைய பதிவின் தொடக்கத்தில் பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது, யாரோ பேசுகிறார், வெட்டிவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அக்கா. நான் சொன்னேன்.

அக்கா எழுந்துவிட்டார். "வெட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அதைப் போடச் சொல்லுங்கோ."

ஒலிபெருக்கியில் முதலில் வெறும் அறை கேட்டது. ஒரு கார்ப்பெட் சுருள் சரியும் சத்தம். கீதனின் இளவயதுச் சிரிப்பு. பிறகு மிக அருகில், இருமலோடு, ஜெறோம் அண்ணை பேசினார்.

"கதவைச் சாத்துங்கோடா. குளிருது."

அவ்வளவுதான். பாடகனின் குரல் இல்லை அது. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும் ஒரு மனிதனின் குரல். நாங்கள் முதல் தரம் கேட்டபோது பாட்டைத் தேடும் அவசரத்தில் இதைக் கவனிக்கவேயில்லை.

பிலோ அக்கா ஒலிபெருக்கியைப் பார்த்தபடி, சமையலறையிலிருந்து பதில் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்:

"சாத்தித்தான் கிடக்குதப்பா."

தமிழ் தெரியாத போலந்துக்காரர்கூடத் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

அக்கா மறுபடி உட்கார்ந்தார். "அவர் பாடினது கசெட்டில இருக்கு தம்பி. வேணுமெண்ட நேரம் கேப்பன். கதைச்சது ஒண்டும் இல்லை. அப்ப ஆர் அதையெல்லாம் பதிஞ்சது? வருசம் போகப் போக எனக்கு அந்தச் சத்தம் மறந்துபோச்சு. பெடியளுக்கும் தெரியாது. அதுக்குத்தான் வந்தனான்." பிறகு கண்ணாடியைத் தட்டி ஆரணியைக் கூப்பிட்டார். "பிள்ளை, எனக்கு வேண்டியது கிடைச்சிட்டுது. நீங்கள் உங்கட மாதிரிப் பாடுங்கோ."

வசந்தன் ஒலிக்கலவை மேசைக்குப் போனான். ஜெறோம் அண்ணையின் குரலுக்கான விசை எதுவென்று கேட்டு, தன் விரலாலேயே அதைக் கீழே இறக்கினான். ஒரேயடியாக நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அவர் குரல் மெல்ல மெல்லச் சின்னதாகி, கிற்றாருக்குள் போய், இல்லாமல் போனது. கீதன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதன்பிறகு ஆரணி பாடினாள். தாழ்வாக, கிட்டத்தட்டப் பேசுவதுபோல. 'இரவல் ஊர்' என்ற இடத்தில் ஜெறோம் அண்ணை ஏங்குவார். அவள் ஏங்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் கோபம் இருந்தது. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோது பாட்டு அவளுடையதாகிவிட்டது.

போன வருடம் அது வெளிவந்தது. நன்றாகவே போனது. கலியாண மண்டபங்களில் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள், சோகப் பாட்டு என்று தெரியாமல். ஆரணி இப்போது எங்களோடு புதுப் பாட்டுகள் எழுதுகிறாள். என் வாசிப்பில் பிழை சொல்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். பாட்டின் தொடக்கத்தில் அந்த இரண்டு வாக்கியங்களையும் வைக்கலாமா என்று வசந்தன் கேட்டபோது பிலோ அக்கா மறுத்துவிட்டார். அது வீட்டுக் கதை என்றார். அவருடைய தொலைபேசியில் மட்டும் போட்டுக் கொடுத்தோம். பிறகு ஒருநாள் ரயில் நிலையத்தில் கண்டு, கேட்கிறனீங்களா என்று விசாரித்தேன்.

"ஒருக்காத்தான் கேட்டனான். அடிக்கடி கேட்டா தேஞ்சுபோகும்" என்றார்.

அந்தக் கார்ப்பெட் கடை இல்லை. இப்போது அது உடற்பயிற்சிக்கூடம், கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் ஓடும் பெல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மினிடிஸ்க் கருவியும் பாட்டை எடுத்துக் கொடுத்த சில நாட்களில் நின்றுவிட்டது. இவை போனது பெரிய விஷயமில்லை.

சென்ற கிழமை வேலையில் தபால்களைப் பிரித்துக்கொண்டே 'ஈரச் சப்பாத்தை' வாய்க்குள் முணுமுணுத்தேன். உள்ளே ஆரணியின் குரல் கேட்டது. சரி, பழைய மாதிரிக் கேட்போம் என்று முயன்றேன். மூச்சு எங்கே இழுப்பார், எங்கே தடக்குவார், எல்லாம் நினைவிருக்கிறது. அந்த இடங்கள் எல்லாம் வெறுமையாக நின்றன. வீட்டில் கசெட் இருக்கிறது, போட்டால் பாடுவார். நான் சொல்வது அதையல்ல. நான் பாத்திரம் கழுவும்போதும், பஸ்சுக்கு நிற்கும்போதும், யாரும் போடாமல் எனக்குள் தானாகப் பாடிக்கொண்டிருந்தாரே, அந்த ஜெறோம் அண்ணை போய்விட்டார். எப்போது போனார் என்று தெரியவில்லை. போயிட்டு வாறன் என்று சொல்லாமல் ஒருநாளும் ஓர் அறையை விட்டுப் போகாத மனிதர்.