கன்னி மூலையில் முந்நூறு லிட்டர்

கொல்கத்தாவிலிருந்து தீகா கடற்கரை 185 கிலோமீட்டர். பேருந்தில் ஐந்து மணி நேரம். நாங்கள் போய்ச் சேர ஐந்து மாதம் ஆனது. 2006 மே மாதம் கிளம்பினோம், அக்டோபர் கடைசி வாரத்தில் கடலைப் பார்த்தோம். வீட்டு வண்டி கட்டி ஊர் சுற்ற நினைக்கும் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டு எழுதியிருந்தார்கள். கோபம் ஆறிய பிறகு பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை. ஆகவே இந்தப் பதிவு.

முதலில் காரணம். என் மனைவி ஜெயாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. கொஞ்சம் படுக்க வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், மறுபடி படுக்க வேண்டும். ரயில் பெட்டியின் படிகளும், ஓடுகிற ரயிலில் கழிவறை வரை தடுமாறிப் போவதும் ஆகாது. ஆறு வருடமாக லேக் கார்டன்ஸ் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே மட்டுமே பயணம். ஒருமுறை கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு கம்பெனி ஊழியர்களை ஏற்றிக்கொண்டிருந்த பழைய மினி பஸ்ஸை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கட்டக் கிடர்பூரில் ஒரு பட்டறையில் விட்டேன்.

இங்கே ராமு வருகிறார். ராமு ஜெயாவின் அண்ணன், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவர். ஓய்வுக்குப் பின் வாஸ்து படித்திருந்தார். வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"மாப்ளே, வீடுன்னு பேர் வச்சாச்சுல்ல? அப்ப வீட்டுக்கு உள்ள லட்சணம் வேணும். பாரம் எல்லாம் கன்னி மூலையில. தென்மேற்கு. தண்ணித் தொட்டி அங்க, அதுவும் உசரத்துல. எஜமானி படுக்கையும் அங்கதான்."

"ராமு, இது ஓடுற வண்டி."

"ஓடாத நேரத்துல வீடுதானே?"

எங்கள் சந்தில் வண்டி வடக்கு பார்த்துத்தான் நிற்க முடியும். ஆகவே தென்மேற்கு என்பது வண்டியின் பின்பக்க இடது மூலை. அங்கே கூரைமேல் முந்நூறு லிட்டர் தொட்டி, அதன் கீழே கட்டில், கட்டிலுக்கடியில் இரண்டு பெரிய பேட்டரி, பக்கத்தில் அரிசி மூட்டை, இட்லி இல்லாமல் கடல் ருசிக்காது என்பதால் கிரைண்டர். அடுப்பும் சிலிண்டரும் அக்னி மூலையில், அதாவது பின்பக்க வலது. ஈசானிய மூலையில் பாரமே கூடாதாம். அங்கே ஓட்டுநர் பிஷு உட்கார்ந்திருந்தார். அவர் ஒல்லி என்பதால் அனுமதி கிடைத்தது.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்பீர்கள். நான் நிறையப் படித்தவன். மூடநம்பிக்கையைப் பற்றி யாரிடமும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன். ஆனால் ராமு ஜெயாவிடம் போய் 'இந்த வண்டி சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மனதில் பயம் விழுந்துவிடும் என்று நினைத்தேன். செலவில்லாத விஷயம், போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். வரைபடத்தின் கீழே இருப்பது என் கையெழுத்து. பட்டறை மிஸ்திரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாக வண்டி கட்டுகிறவர். பாபுக்கள் கேட்டதைக் கட்டுவது அவர் தொழில், ஓடுமா என்பது அடுத்தவன் தொழில்.

மே மாதம் ஒரு ஞாயிறு, காலை 5.40க்குக் கிளம்பினோம். இரண்டாம் ஹூக்ளி பாலத்தில் காற்று அடித்ததும் வண்டி லேசாக இடுப்பை ஆட்டியது. நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் இலகுவாகிவிட்டது என்றார் பிஷு. நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். உலுபேரியா தாண்டி ஒரு லாரி எங்களை முந்தியபோது, அதன் காற்றில் வண்டியின் வால் ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமும் போனது. கூரைத் தொட்டியில் தண்ணீர் அலையடித்த சத்தம் கேட்டது. ஜெயா ஜன்னல் கம்பியைப் பிடித்ததால் கீழே விழவில்லை.

7.50க்குக் கோலாகாட், 72 கிலோமீட்டர். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, கடல் அங்கதான இருக்கும்? எங்கயும் போயிடாதுல்ல? திரும்பலாம்."

திரும்பும்போது கட்டிலில் ஏறமாட்டேன் என்றாள். வண்டியின் நடுவில், தரையில் மெத்தையைப் போட்டுப் படுத்தாள். பாதி வழியில், "நடுவுல கொஞ்சம் பரவாயில்லை" என்றாள். வீடு வந்ததும், "இன்னும் ஒரு தடவை ஏறுவேன். அப்பவும் இப்படின்னா என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். அவள் சொன்னதில் இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மூன்று மாதம் மூன்று மெக்கானிக்குகள். முதலாமவர் வண்டியின் பின்பக்கம் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் பலவீனம் என்று அதில் ஒரு இரும்புப் பட்டை சேர்த்தார். 1,800 ரூபாய். இரண்டாமவரும் ஏறிக் குதித்தார். முந்தைய ஆள் போட்டது மட்டமான பட்டை என்று இன்னொன்று சேர்த்தார். 2,400. மூன்றாமவர் குதிக்கக்கூட இல்லை, நேராகப் பட்டை. 3,100. டயரில் காற்றையும் கல் போல ஏற்றிவிட்டார். இப்போது வண்டி முன்புபோலவே ஆடியது, கூடவே தூக்கியும் போட்டது. சோதனை ஓட்டத்தில் ஒரு குழியில் என் பற்கள் மோதிக்கொண்டன. ஜெயாவின் முதுகை அங்கே வைத்துப் பார்த்தேன். அன்றிரவு நான் பேசிய வார்த்தைகளைப் பதிவில் எழுத முடியாது.

செப்டம்பரில் வண்டியை மறுபடி பட்டறையில் விட்டிருந்தபோது, விஸ்வகர்மா பூஜைக்கு மூன்று நாள் மூடல். எங்கள் வண்டிக்கு நேர் எதிரே தேவதச்சனுக்கு மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பட்டம் விட்டார்கள். பொறியியலின் தெய்வம் மூன்று நாள் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மிஸ்திரி மாதிரியே, ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் பிஷுதான் சொன்னார். வங்க மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "தாதா, ஆளாளுக்குக் குதிச்சுப் பாக்கிறாங்க. எடை போட்டு யாராவது பாத்தாங்களா?"

துறைமுகத்துக்குப் பக்கத்தில் லாரிகளை ஏற்றி எடை போடும் மேடை ஒன்று உண்டு. நாற்பது ரூபாய். சீட்டு எழுதுகிறவர் பீகார்க்காரர், வாய் நிறையப் பான். முழு வண்டி 4,900 கிலோ. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றினால் 1,550. பின்பக்கம் 3,350. முன்பக்கம் பாரமில்லாமல்தான் ஸ்டியரிங் இலகுவாகியிருந்தது. அவர் வாயிலிருந்த பானைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, பின் சக்கரங்களைப் பக்கம் பக்கமாக ஏற்றச் சொன்னார். இடது 1,930. வலது 1,420.

"பாபுஜி, இந்த மூலையில என்ன வச்சிருக்கீங்க? யானைக்குட்டியா?"

சொன்னேன். தண்ணீர், பேட்டரி, அரிசி, கிரைண்டர், மனைவி. ஏன் எல்லாம் ஒரே மூலையில் என்று கேட்டார். பாரம் தென்மேற்கில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்று, என் வாயால், விளக்கினேன். பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் எழுந்து வெளியே வந்து சூரியனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"இப்ப வண்டி கிழக்கே பாத்து நிக்குது. உங்க தென்மேற்கு அந்தப் பக்கம் போயிடுச்சே. சாமானை மாத்தலையா?"

பிஷு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது ரூபாய் வாங்குகிறவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது, பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ராமு மேல் இருந்த கோபத்தை அன்று பாதிதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு நடந்தது சுலபம். கூரைத் தொட்டியை இறக்கி, தரைக்கு அடியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, உள்ளே தடுப்புத் தகடு வைத்த இரண்டு சிறிய தொட்டிகள் போட்டோம். 6,500 ரூபாய். பேட்டரிகளை வலப்பக்கம், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்தோம். கட்டிலை நடுவுக்கு நகர்த்தினோம். மூன்று பட்டைகளையும் கழற்றி எறிந்தோம். நான்கு புது ஷாக் அப்சார்பர். வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி ஒன்று, மல்லிக் பஜாரில் பழைய சாமான் கடையில் 2,200 ரூபாய். கிரைண்டரை வீட்டிலேயே விட்டோம். மறுபடி எடை போட்டோம்: முன்பக்கம் 1,820, பின்பக்கம் 2,900, பின்னால் இடம் வலம் வித்தியாசம் நாற்பது கிலோ. அந்த எடைக்குத் தக்கபடி டயரில் காற்றைக் குறைத்தோம். சீட்டுக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார். "யானைக்குட்டி இறங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபரில் காலை 5.30க்குக் கிளம்பினோம். ராமு வழியனுப்ப வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கன்னி மூலையில் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது. அவர் முகம் போன போக்கில் எனக்கு ஒரு வருடத்துக்கான திருப்தி கிடைத்தது. உலுபேரியா தாண்டி, மே மாதத்து இடத்திலேயே, ஒரு லாரி முந்தியது. வண்டி தோளை லேசாக அசைத்துவிட்டு நேராகப் போனது. நான் ஜெயாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

"பௌதி என்ன சொல்றாங்க?" என்றார் பிஷு. அண்ணியை வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

"தூங்குறா."

7.15க்குக் கோலாகாட். அங்கே இறங்கி இருபது நிமிடம் நடந்தாள், ரூப்நாராயண் நதியைப் பார்த்தாள், தானாகவே வண்டியில் ஏறினாள். நந்தகுமார், காந்தி என்ற ஊர்கள் வழியாகத் தீகா 10.50.

கிளம்பப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் எடை போடுங்கள். தண்ணீரும் பேட்டரியும் வீட்டுச் சாமான்கள் போல இருந்தாலும் பாரம்தான். தாழ்வாக, நடுவில், இருபக்கமும் சமமாக வையுங்கள். ஸ்பிரிங்கில் பட்டை சேர்ப்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள், ஏறிக் குதித்தால் ஓடிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிக்குள் வலியோடு படுத்திருப்பவர் "நடுவுல கொஞ்சம் பரவாயில்லை" என்று சொன்னால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மெக்கானிக், 7,300 ரூபாய், ஐந்து மாதம் எல்லாம் அந்த மூன்று வார்த்தைக்குள் அடக்கம். என் கோபத்தில் மீதிப் பாதி இதனால்தான் ஆறவில்லை.

கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தோம். ஜெயா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்போன் அடித்தது. ராமு.

"போய்ச் சேர்ந்தாச்சா மாப்ளே? சரி, வண்டி எந்தத் திசை பாத்து நிக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"கடலைப் பாத்து நிக்குது, அண்ணா."