முகத்துக்கு மட்டும் கொஞ்சம் பிசின்

ஆவூர்ச் சந்தனசாமிக்குப் படம் எழுதும் பழக்கம் முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவரை அவர் கடலைக் காட்டோடு கிடந்தவர். கிணறு வற்றி, வெள்ளாமை அடுத்தடுத்துத் தீய்ந்துபோன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், மனைவி சூசைமேரியின் அண்ணன் மைக்கேல்சாமி புதுக்கோட்டையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்.

மைக்கேல்சாமி சிற்றோவியக்காரர். உள்ளங்கை அகலக் காகிதத்தில், அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையால் ஆளை அப்படியே உட்கார வைத்துவிடுவார். அவருடைய அப்பா அரண்மனைக்கு எழுதியவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனது, அரண்மனை வேலையும் போனது. ஆனால் செட்டியார் வீடுகளில் மூத்தவர்களை எழுதி வாங்கி வைக்கும் ஆசை போகவில்லை. வேலை குவிந்து, கூட ஒரு கை தேவைப்பட்டது.

"மம்பட்டி புடிச்ச கைன்னு பயப்படாதீங்க, மாப்ள. மூச்சை அடக்கிக் கோடு இழுக்கப் பழகுங்க, மத்தது தானா வரும்" என்றார் மைக்கேல்சாமி.

சந்தனசாமி பழகினார். முதலில் சாயப் பொடியைப் பிசினில் அரைத்துக் குழைப்பது, வெறும் கோடு. பிறகு வேட்டிக் கரை, முத்து மாலை. பிறகு தலையை அளவாக வைத்து உடம்பைப் பிரிக்கிற கணக்கு. விரல்கள் அவரை அழவைத்தன. பக்கவாட்டு முகத்தில் நெற்றி எங்கே முடிந்து மூக்கு எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் பக்கத்து ஆட்களையே பார்த்துக்கொண்டு வருவார். "என்னங்க, ஏம் மொகத்துல எதும் தொலைச்சிட்டீங்களா?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

கடைசியில் முகம் கைக்கு வந்தது. உண்ணாமலை ஆச்சி, இறந்துபோன கணவரின் மங்கிய போட்டோவைக் கொடுத்து எழுதச் சொன்னார். படத்தை வாங்கிப் பார்த்தவர் அதை முந்தானையில் பொதிந்து எடுத்துக்கொண்டார். "இனிமே எங்க வீட்டுக்கு இவரே எழுதட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரந்தான் மைக்கேல்சாமி சந்தனசாமியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "இனி முகத்துச் சாயத்துக்கு மட்டும் பிசினைக் கூட்டிப் போடுங்க, மாப்ள. அப்பத்தான் பளபளப்பு நிக்கும்."

பளபளப்பு உண்மையிலேயே வந்தது. ஒரு கோடையும் ஒரு மழையும் போனபின், அப்படி எழுதிய முகங்கள் வெடித்து உதிர்ந்தன. ஆச்சிக்கு அடுத்து எழுதிய, அவருடைய மாமனார் படமும் திரும்பி வந்தது. வேட்டியும் மாலையும் அப்படியே இருக்க, கழுத்துக்கு மேலே வெறும் காகிதம். மைக்கேல்சாமியே உட்கார்ந்து முகத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்தார். சந்தனசாமியைக் கேட்டு வந்தவர்கள் மறுபடி மைக்கேல்சாமியிடமே போனார்கள்.

"சில பேருக்குக் கை உப்பு, மாப்ள. வேர்வை பட்டா சாயம் நிக்காது. நீங்க துணிமணி, நகையோட நிப்பாட்டிக்குங்க."

சந்தனசாமி நம்பினார். சித்திரை வெயிலிலும் கையில் துணி சுற்றிக்கொண்டு எழுதினார். கோவிலில் முழங்காலிட்டு, என் கையில் என்ன குறை என்று மாதாவிடம் கேட்டார்.

மகள் மரிய செல்வி கோவிலில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கிய நாளில், வெள்ளை முக்காட்டோடு அவளை எழுத உட்கார்ந்தார். "சாயத்த நா அரைச்சுத் தாரேன், நீங்க எழுதுங்க" என்றாள் சூசைமேரி. பிரியம் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு மழை கழிந்தது. அடுப்புப் புகை படியும் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம் மட்டும் உதிரவில்லை. ஒரு காலையில் அதைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் பளபளப்பே இல்லை. அதைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார்.

"இதுல எவ்வளவு பிசின் போட்ட, மேரி?"

சூசைமேரி முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுல போடுற மாதிரிதான். மொகத்துக்குக் கொறச்சுத்தான் போடணும், கூடினா வெடிச்சிரும். சின்னதுல எங்க அப்பாவுக்கு நாந்தான அரைப்பேன்."

"ஒங்க அண்ணன் எனக்குக் கூட்டிப் போடச் சொன்னது ஒனக்குத் தெரியுமா?"

"ஒங்க சாயக் கிண்ணத்தப் பாத்தன்னைக்கே தெரியும். அண்ணங்கிட்டப் போயிக் கேட்டேன். ரெண்டு பேரும் மொகம் எழுதினா எம்பிள்ளைக என்ன திங்கும்னு அழுதுச்சு. எம் மக மொகம் உதிர்றத மட்டும் என்னால பாக்க முடியாதுன்னுதான்..."

"நா கையில துணியச் சுத்திக்கிட்டு எழுதினேனே. அதையும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அவள் முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

அடுத்த பஸ்ஸில் புதுக்கோட்டை போனார். மைக்கேல்சாமி தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"கை உப்புன்னீங்களே, மச்சான்."

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? அந்தக் கைக்கு மொகம் எழுதக் கத்துக்குடுத்ததும் நாந்தான், மாப்ள. அதையும் நெனச்சுக்குங்க."

அது உண்மை என்பதுதான் சந்தனசாமிக்குத் தாங்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார்.

பிறகு அவர் ஆவூரிலேயே எழுதினார். முகம் உதிர்ந்த படம் இன்னும் அப்படியே கிடந்த வீடுகளுக்கெல்லாம் போய், கூலி வாங்காமல், குறைந்த பிசினில் திருப்பி எழுதிக் கொடுத்தார். ஏன் உதிர்ந்தது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் படங்கள் நின்றன. ஓரளவு வேலையும் வந்தது. வீட்டில் சாயம் அரைக்க மட்டும் சூசைமேரியை அவர் விடவில்லை.

அறுபத்திரண்டில் மைக்கேல்சாமி வெற்றிலைத் தட்டோடு வந்தார். மரிய செல்வியைத் தன் மகனுக்குக் கேட்டார்.

"முறைப் பொண்ணு. மறுக்க மாட்டீங்கன்னு வந்தேன், மாப்ள."

சந்தனசாமி மனைவியைப் பார்த்தார். "நீயே சொல்லு. இந்தத் தடவையாச்சும் எனக்கு முன்னாடி வச்சுச் சொல்லு."

சூசைமேரி தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். "வேணாம்ணே. பிள்ளைக்கு வேற எடம் பாக்குறோம்."

மைக்கேல்சாமி எழுந்து போனபிறகு அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று சந்தனசாமிக்குத் தோன்றியது. தனக்காகத்தான் சொன்னாளா, தனக்குப் பயந்து சொன்னாளா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வெளியே போனார்.