மேசையில் மயங்கிய பெண்ணும் காய்ந்துபோன ஸ்லைட்டும்

1. ஸ்கேன் அறை

இருபத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி லெப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சாயம் போடுவது, சதையை மெழுகில் பதித்த பிளொக்கை மெல்லிய கீறாக வெட்டுவது பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்லப்போவது என் பிழை ஒன்றை. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். கல்முனைப் பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கணையத்தில் கட்டி உள்ள ஒரு பெண்ணுக்கு ஊசியால் சதை எடுக்கும் நாள் அது. டொக்டர் ஸ்கேனைப் பார்த்தபடி ஊசியை விடுவார். அதில் வருவதை ஸ்லைட்டில் பூசி எடுப்பது என் வேலை. சிலதைக் காற்றில் காயவிட வேண்டும். சிலதை ஈரம் காயுமுன் ஸ்பிரிட்டில் போட வேண்டும். பிந்தினால் செல்லின் கரு ஊதிப்போய், கென்சர் போல இல்லாத அவலட்சணமெல்லாம் தெரியும்.

பஸ்மியாவுக்கு முப்பது வயதிருக்கும். அக்கரைப்பற்றிலிருந்து மாமியார் கூட்டி வந்திருந்தார். ஊசிக்காக முந்தின இரவிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் தரம் ஊசியை எடுத்ததும் அவளுக்கு வியர்த்து ஒழுகியது. சம்பந்தமில்லாமல் ஏதோ கதைத்தாள். பிறகு கண் சொருகியது. நான் கையிலிருந்த ஸ்லைட்டுகளைத் தட்டில் வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் குளுக்கோஸ் ஏற்றினாள். ஐந்து நிமிடத்தில் பஸ்மியா கண் திறந்து, “என்ன நடந்த மிஸ்?” என்றாள்.

“ஒண்டும் நடக்கல்ல புள்ள. ஊசிக்கு இவ்வளவு பயமா? ரெண்டு புள்ள பெத்தது எப்பிடி?” என்று நான் கேலி செய்தேன்.

வாசலில் நின்ற மாமியார் சும்மா இருக்கவில்லை. “இவக்கு எல்லாத்துக்கும் மயக்கம்தான் மிஸ். நோன்பு மாசம் வந்தா இன்னும் கூட. விடியமுன்னம் சஹருக்கு நல்லாத் திண்டுபோட்டு, பகல் லுஹருக்கு முன்னம் குசினிக்குள்ள பூந்து கள்ளத்துக்குச் சீனி அள்ளித் தின்னுறா. நான் கண்ணால கண்டிரிக்கன்.”

“சும்மா இரிங்க மாமி” என்று பஸ்மியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஸ்பிரிட்டில் போட வேண்டிய ஸ்லைட்டுகள் அதற்குள் காய்ந்துவிட்டன. காய்ந்ததையே ஸ்பிரிட்டில் போட்டேன். ஊசிக்குள் இருந்த இரத்தக்கட்டியை ஃபோர்மலினில் சேர்த்தேன். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

2. சேருடைய அறை

எங்கள் பெத்தோலஜிஸ்ட் சேர் கெட்டிக்காரர். ஆனால் மூக்கு நுனியில் கோபம். நாலாம் நாள் மைக்ரஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து, “பாவம், கருவெல்லாம் ஊதிக் குழம்பிக் கிடக்கு. கென்சர்தான் போல. வார்ட்டால வந்த ஃபோமிலயும் அதத்தான் கேட்டிருக்காங்க” என்றார்.

கணையத்தில் கென்சர் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வார்கள்.

அன்று நான் களா நோன்பு. மாதவிடாய்க்காக ரமழானில் விட்ட நாட்களை நாங்கள் பிறகு பிடித்து முடிப்போமே, அது. பதினொரு மணிக்கே பசி வயிற்றைக் கிள்ளியது. அப்போதுதான் அந்த மாமியாரின் பேச்சு மனதுக்கு வந்தது. பசித்தால் மயக்கம், சீனி தின்றால் தெளிவு. குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்தாளே! கணையத்தில், சீனியை இறக்கும் இன்சுலினை அளவில்லாமல் சுரக்கிற அபூர்வமான கட்டி ஒன்று உண்டு, நியூரோ எண்டோகிரைன் கட்டி வகை. பெரும்பாலும் வெட்டி எடுத்தால் சுகமாகிவிடும். புத்தகத்தில் படித்ததோடு சரி, வேலையில் நான் ஒன்றையும் கண்டதில்லை.

ஆனால் மயக்கத்தைச் சொன்னால் காய்ந்த ஸ்லைட்டையும் சொல்ல வேண்டும். சேருடைய கதவு வரைக்கும் இரண்டு தரம் போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் உள்ளே போனேன்.

“சேர், அந்த ஸ்லைட்ட நம்பாதீங்க. அது காஞ்சு போன. நான்தான் விட்ட.”

ஏசினார். நன்றாகவே ஏசினார். “நாலு நாளா வாய்க்குள்ள என்ன வெச்சிருந்தீங்க?” நோன்பாளியிடம் கேட்கிற கேள்வியா அது! ஏசி முடித்து, “மயங்கினதத் திரும்பச் சொல்லுங்க” என்றார். சீனி தின்ற கதையையும் சேர்த்துச் சொன்னேன். உடனே வார்ட்டுக்குப் போன் எடுத்து, அவள் சாப்பிடாமல் இருக்கும்போது சீனியும் இன்சுலினும் பார்க்கச் சொன்னார்.

காயாமல் ஃபோர்மலினில் கிடந்த இரத்தக்கட்டியில் செய்த பிளொக்கில் கடுகளவு சதைதான் இருந்தது. ஒரு கீறும் வீணாகாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். இதில் கருக்கள் ஒரே அளவாக, வட்டமாக, உப்பும் மிளகுத்தூளும் தூவியது போல இருந்தன. இந்தக் கட்டியின் அடையாளமே அதுதான். மிச்சக் கீறுகள் விசேட சாயத்துக்குக் கொழும்புக்குப் போய், அதே பதிலோடு வந்தன. இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியும் இன்சுலின் இறங்கவில்லை. பஸ்மியாவைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கட்டியை வெட்டி எடுத்தார்கள்.

3. கஞ்சி வாளி

கட்டியை எடுத்த இரண்டாம் வருட ரமழானில், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, மாமியார் ஒரு வாளி நோன்புக் கஞ்சியோடு லெப் வாசலில் வந்து நின்றார். பின்னால் பஸ்மியா.

“டொக்டர் நோன்பு பிடிக்கலாமெண்டு சொல்லிட்டாரு மிஸ். இண்டைக்கு ஒன்பதாவது நோன்பு. ஒண்டும் விடல்ல” என்றாள் பஸ்மியா.

மாமியார் வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “நோயில திண்ட புள்ளையக் கள்ளி எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச மிஸ் நான்.”

“நானும்தான் உம்மா அண்டைக்குச் சிரிச்ச” என்றேன். வாளியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

பிள்ளைகளே, ஸ்லைட் காய்ந்தால் காய்ந்தது என்று ஃபோமில் எழுதுங்கள். ஆள் மயங்கினால் மயங்கினாள் என்று எழுதுங்கள். கூட வந்தவர்கள் குறையாகச் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். சேருடைய ஏச்சு அன்றைக்கு அஸருக்கு முன்னமே எனக்கு மறந்துபோனது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த வீட்டிலிருந்து கஞ்சிக்குப் பதிலாக அவள் மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதிக் கொடுக்கும் கத்தத்துச் சோறுதான் எனக்கு வந்திருக்கும்.