யேசுதாஸின் பகல் தூக்கம்

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் யேசுதாஸ் சத்தம் அமுங்கட்டும் என்று செல்போனைக் காலி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் பாயில் சாய்வார். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மூடியைத் திறந்து பார்ப்பார். "போன் அட்ச்சா எனக்குக் கேக்காதா? நீ படுய்யா," என்பாள் மனைவி ஏஞ்சல். "அட்ச்சி நின்னுட்டா இன்னா பண்றது?" என்பார்.

கும்மிடிப்பூண்டியில் கொரியர்கள் நடத்தும் கார் உதிரிபாகக் கம்பெனியில் பதினொரு வருஷமாக பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். கூப்பிட்டால் வருகிறவர் என்று பெயர். அந்தப் பெயர்தான் வினை. எவன் மட்டம் போட்டாலும் சூப்பர்வைசர் சந்திரமோகன் போன் போடுவது இவருக்குத்தான். "முடியாது" என்ற சொல் யேசுதாஸ் வாயில் வராது. "தோ, வந்துகினே கீறேன் சார்" மட்டும் பல் துலக்கும்போதும் தெளிவாக வரும்.

போன மாதம் கேன்டீன் வரிசையில் நின்றபடியே கண்ணசந்து, முன்னால் நின்ற கொரிய மேனேஜரின் முதுகில் தலை சாய்த்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தார். மேனேஜரோ, கெஸ்ட் ஹவுஸுக்கு மாதம் ஒருமுறை வரும் தங்கள் நாட்டு வைத்தியரம்மாவிடம் அவரை அனுப்பினார். மொழிபெயர்க்க உடன் வந்தது, கொரியாவில் ஆறு மாதம் பயிற்சி எடுத்த சந்திரமோகனேதான்.

வைத்தியரம்மா மூன்று விரலால் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கை, மறு உத்தரவு வரும்வரை யேசுதாஸ் உள்ளே இழுக்கவில்லை.

"தூக்கம் எதனால கெடுதுன்னு கேக்குறாங்க," என்றார் சந்திரமோகன்.

யேசுதாஸ் அவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஊட்டாண்ட நாயிங்க சார். ஒரே பேஜாரு."

நாடியை விடாமலே வைத்தியரம்மா ஏதோ சொன்னார். "பொய் சொல்றியாம்," என்றார் சந்திரமோகன்.

"சொன்னா கோச்சிக்குவீங்க சார்."

"அட, சொல்லுய்யா."

"நீங்க போன் பண்றதுதான் சார்."

சந்திரமோகன் தொண்டையைச் செருமிக்கொண்டு கொரிய மொழியில் நீளமாக எதையோ சொன்னார். நடுவே 'வவ் வவ்' என்று வேறு குரைத்துக் காட்டினார். யேசுதாஸுக்குப் புரிந்துவிட்டது. மெஷின் பக்கத்தில் தினமும் கேட்டுப் பழகிய ஒரே கொரியச் சொல் அப்போது கைகொடுத்தது. போன் பேசுவதுபோல் காதில் கையை வைத்து, சந்திரமோகனை நோக்கி விரலை நீட்டி, "பல்லி! பல்லி!" என்றார். நம்மூர்ச் சுவர்ப் பல்லி இல்லை; அங்கே அதற்கு 'சீக்கிரம்' என்று பொருள்.

வைத்தியரம்மா குலுங்கிச் சிரித்தார். யேசுதாஸைப் படுக்கவைத்து, காதிலும் கணுக்காலிலும் மயிரிழை ஊசிகளைச் செருகினார். பிறகு சந்திரமோகனின் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டு, அவரையும் நாக்கை நீட்டச் சொன்னார். ஆள் தேடி அலையும் சூப்பர்வைசருக்கு மட்டும் தூக்கம் எங்கிருந்து வரும்?

பக்கத்துக் கட்டிலில் ஊசிகளோடு கிடந்த சந்திரமோகன், விட்டத்தைப் பார்த்தபடி, "யேசுதாஸ், செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள் கம்மியா..." என்று ஆரம்பித்தார்.

யேசுதாஸ் கண்ணைத் திறக்கவில்லை. ஊசி அசையாதபடி மெதுவாகக் கையைத் தூக்கி, உதட்டின்மேல் விரலை வைத்தார்.