சாராயப் போத்தலும் என் சம்பந்தமும்

அறுபதுகளின் நடுவில், இரத்தோட்டையில் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த சமயம். மிளகு, கராம்பு வியாபாரம் செய்த என் வாப்பாவுக்கு வயிற்றுப்புண். வயிற்றில் அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது, காரத்தை மறந்துவிட்டுப் பாலைக் குடியுங்கள், எரியும்போதெல்லாம் இந்த மருந்தைக் குலுக்கிக் குடியுங்கள் என்று மாத்தளை ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் மருந்துதான் ஊற்றித் தருவார்கள். போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். வாப்பா வெறுங்கையோடு போயிருக்கிறார். வாசலில் பழைய போத்தல் விற்றவனிடம் ஒன்றை வாங்கி, கழுவி நீட்டியிருக்கிறார். அது சாராயம் வருகிற தட்டைப் போத்தல். குடிப்பழக்கமே இல்லாத மனிதருக்கு அது எங்கே தெரியும்? திரும்பி வரும் பஸ்ஸில் எரிச்சல் தாங்காமல், குலுக்கி அண்ணாந்து ஒரு மிடறு. பாதி வழியில் இன்னொரு மிடறு. மருந்தோ கள்ளைப் போல வெள்ளை. பின் சீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் இருந்ததை வாப்பா கவனிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வந்தவர்கள் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடவே இல்லை. திரைக்குப் பின்னால் நின்ற நான் பதறிப்போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டு, வாப்பாவை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க நானா. பஸ்ஸுல உங்கள போத்தலோட கண்டேன். எங்க குடும்பத்துக்கு அது சரிவராது."

கோபம் வந்தால் வாப்பாவுக்குப் பேச்சு வராது, வயிறுதான் எரியும். எரிந்தால் கை தானாக அலுமாரிக்குப் போகும். போனது. வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அதே போத்தலை எடுத்து, குலுக்கி, அண்ணாந்து குடித்தார். உம்மா தலையில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்வானேன், அழுதேன்.

மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். தகப்பனார் மட்டும் போத்தலைக் கேட்டு வாங்கி முகர்ந்தார். கள் வாடை இல்லை, பெப்பர்மின்ட் வாசம். ஒரு மிடறு வாயில் விட்டார். சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்தவர் போல முகம் கோணியது. கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு நீளமாக ஓர் ஏப்பம்.

"நெஞ்செரிச்சலுக்கா நானா? எனக்கும் ரொம்ப நாளா இருக்கு. எந்த டொக்டர் தந்தாரு?"

அன்றே நாள் குறித்தார்கள். கல்யாணத்தில் ஊரே புரியாணி சாப்பிட, சம்பந்திகள் இருவரும் ஒரு மூலையில் பாண் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அன்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகாமல் நின்று வாங்கிக் குடித்துப் பார்த்தாரே, அந்த ஒரு மிடறில்தான் என் வாழ்க்கையே இருந்தது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.